கிளிக் கேட்ட பிறகு ஓர் இழுப்பு

1. ஊறுகாய் பாட்டில்

ரேஸ் கார் வேலையில் சேர்ந்த முதல் நாளே முதலாளியோடு சண்டை போட்டவன் நான். அதற்கு முன் பதினெட்டு வருஷம் அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர்களுக்கு மெக்கானிக். மைன்ஸ் பக்கம் ராஜாங்கம் என்று என் பேரைச் சொன்னால் டிரைவர்கள் டீ வாங்கிக் கொடுப்பார்கள். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கோபமும் அதே அளவுக்கு உண்டு.

முதலாளி ஜமால் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு ரேஸ் டிராக்கில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பெரம்பலூர் நாலு ரோடு தாண்டி ஒரு ஷெட் போட்டிருந்தார். உள்ளே ஒரே ஒரு கார். டூரிங் கார் ரேஸ் என்றால் வேறொன்றுமில்லை, நாம் ரோட்டில் பார்க்கிற அதே நாலு கதவு கார்தான். ஏசி, பாட்டுப் பெட்டி, பின் சீட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு வெல்ட் செய்து, டிரைவருக்கு மட்டும் ஒரு சீட்டு வைத்து ஓட்டுவார்கள்.

வீல் மாட்டச் சொன்னார். நான் வழக்கம்போல் வீல் பானாவை நட்டில் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மிதித்தேன். லாரி ஷெட்டில் அப்படித்தான் இறுக்குவோம். உடம்பின் மொத்தக் கனத்தையும் பானாவில் இறக்கினால்தான் எங்களுக்கு நம்பிக்கை வரும்.

“யோவ், எறங்குய்யா! இது என்ன கல்லு லாரியா?” என்றார் பாய்.

“இப்படி இறுக்கித்தான் பாய், பதினெட்டு வருஷத்துல என் கையால போட்ட ஒரு வீலு கழண்டதில்ல.”

அவர் ஒரு டார்க் ரெஞ்சை எடுத்து என் கையில் கொடுத்தார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதிலேயே அளவு வைத்துவிடலாம். “அளவு வந்ததும் கிளிக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். கேட்டதும் கைய எடுத்துடணும். அதுக்கு மேல ஒரு நூலு கூட நகத்தக் கூடாது.”

கிளிக் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னங்க பாய் இது, என் பொண்டாட்டி ஊறுகா பாட்டில இதவிட இறுக்கமா மூடுவா.”

“அல்லாவே! ஊறுகா பாட்டிலு நூத்தம்பது ஸ்பீடுல வளைவுல திரும்பாது ராஜாங்கம்.” பிறகு உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நட்டை இறுக்கும்போது உள்ளே ஸ்டட், அதாவது நட்டு ஏறுகிற மரை போட்ட இரும்புத் தண்டு, கொஞ்சம் நீளும். கழற்றினால் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வருகிற அளவுக்குத்தான் இழுக்கலாம். அதைத் தாண்டி இழுத்தால் நீண்டது நீண்டதுதான், அப்புறம் அந்த ஸ்டட்டில் உயிர் இல்லை.

தலையை ஆட்டினேன். புத்தி ஒப்புக்கொண்டது, கை ஒப்புக்கொள்ளவில்லை. பாய் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போது கிளிக் கேட்ட பிறகும் ஓர் இழுப்பு இழுத்துவிடுவேன். திருட்டுத்தனம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியின் நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று நினைத்தேன். ஒரு சீசன் முழுக்க அப்படியே நடந்தது.

2. விளக்குமாறு

எங்கள் டிரைவர் ஸ்டெல்லா. ஏலாக்குறிச்சிப் பெண். அவள் அப்பா அந்தோணி அண்ணன் மைன்ஸில் டிப்பர் ஓட்டுகிறவர், எனக்குப் பழைய பழக்கம். அதனால் அவள் என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள். காலேஜில் படிக்கும்போது கார் கட்டுகிற குழுவில் இருந்தவளைப் பாய் பார்த்துப் பிடித்து வந்தார். ஷெட்டில் அவள் இருப்பதே தெரியாது, அவ்வளவு சாது. ஹெல்மெட் மாட்டிவிட்டால் அந்தச் சாது எங்கே போகுமோ தெரியாது.

சென்னைக்குப் பக்கத்தில் உள்ள டிராக்கை முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். வழவழவென்று தார் ரோடு, வளைவுகளில் சிவப்பும் வெள்ளையும் அடித்த கட்டை, தவறிப் போகிற காரைப் பிடித்து நிறுத்த ஜல்லிப் படுகை. ஒரு கார் அந்தப் படுகைக்குள் போய் வந்ததில் நாலைந்து ஜல்லி ரோட்டில் சிதறியது. உடனே டிராக்கைப் பார்த்துக்கொள்கிற, ஆரஞ்சு உடை போட்ட மார்ஷல்கள் ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். கையில் விளக்குமாறு! ஒரு கல் பாக்கியில்லாமல் கூட்டினார்கள். விசாரித்தால், ஒருவர் பேங்க் ஆபீசர், ஒருவர் வாத்தியாராம். லீவு போட்டுவிட்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள். எங்கள் ஊர் ரோட்டில் டிப்பரிலிருந்து விழுந்த கல் ஒரு வாரம் கிடக்கும், நாங்கள்தான் ஒதுங்கிப் போவோம். யப்பா, ரோட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறார்களே என்று அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பிறகும் என் கை மட்டும் திருந்தவில்லை, அதுதான் கொடுமை.

3. தட்டில் கிடந்த நட்டுகள்

சீசனின் கடைசி நாள். இரண்டு ரேஸ். காலை ரேஸில் ஸ்டெல்லா இரண்டாவது. மதியம் முதலாவதாக வந்தால் அந்த வருஷப் பட்டம் அவளுக்கு. அந்தோணி அண்ணன் வேன் பிடித்து, ஊரிலிருந்து சொந்தபந்தங்களையெல்லாம் கூட்டி வந்திருந்தார்.

இடையில் டயர் மாற்றினோம். வலது பக்கம் இரண்டு வீலும் இன்னொரு மெக்கானிக் பொறுப்பு, இடது பக்கம் என் பொறுப்பு. பட்டத்தை முடிவு செய்கிற ரேஸ் அல்லவா, நான் வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே இழுத்தேன். கழற்றிய பழைய நட்டுகளை வீல்வாரியாகத் தட்டில் போட்டுவிட்டுப் புது நட்டுகள் மாட்டினேன். அது பாய் வைத்திருந்த பழக்கம்.

ரேஸ் ஆரம்பித்தது. மொத்தம் பத்து லேப், அதாவது டிராக்கைப் பத்துச் சுற்று. மூன்றாவது லேப்பில் அவள் முதலிடத்துக்கு வந்துவிட்டாள். கேலரியில் எங்கள் ஊர்ச் சனம் தொண்டை கிழியக் கத்தியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று தட்டை எடுத்து வைத்து, கம்பி பிரஷால் நட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

முன் இடது வீலின் நட்டுக்குள்ளிருந்து முடி போல ஓர் இரும்புச் சுருள் வந்தது. அடுத்த நட்டிலும் வந்தது. அது ஸ்டட்டின் மரை உரிந்து வந்த துணுக்கு. பெட்டியிலிருந்து ஒரு புது ஸ்டட்டை எடுத்து அந்த நட்டை விரலால் திருகிப் பார்த்தேன். பாதியில் பிடித்துக்கொண்டது. நீண்டுபோன ஸ்டட்டில் இருந்து வந்த நட்டு அப்படித்தான் நிற்கும். பதினெட்டு வருஷ அனுபவம் அதைச் சொல்லாமல் இருக்குமா? அந்த ஸ்டட்டுகள் இப்போது அவள் வண்டியில் இருந்தன.

சொன்னால் பட்டம் போகும், செய்தவன் நான் என்பதும் வெளியே வரும். சொல்லாவிட்டால் மிச்ச லேப்பைத் தாங்கினாலும் தாங்கும். இப்படிப்பட்ட ஸ்டட்டோடு டிப்பர் இரண்டு லோடு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். தாங்கிவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் நேர் ரோட்டில் எங்களைத் தாண்டி ஒரு முறை பறந்து போனாள்.

எழுந்து ஓடினேன். “பாய், வண்டிய உள்ள கூப்புடுங்க. முன்னாடி எடது வீலு. நான்தான் கிளிக்குக்கு மேல இறுக்கிட்டேன்.”

பாய் என் முகத்தைப் பார்த்தார். ‘நெசமாவா’ என்று கேட்கவில்லை. ‘அடப்பாவி’ என்று கூடச் சொல்லவில்லை. அந்த மனுஷனை நான் கும்பிடுவது இதற்காகத்தான். எங்கள் வண்டியில் ரேடியோ கிடையாது. டிரைவருக்குச் சேதி சொல்ல, பிட் என்கிற, வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற இடத்தின் சுவரில் நின்று பெரிய பலகையில் எழுத்தைச் செருகித் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் லேப் எண்களை உருவிப் போட்டுவிட்டு, ‘உள்ளே வா’ என்கிற எழுத்துகளைச் செருகித் தூக்கினார். நான் பக்கத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

எங்களைத் தாண்டிப் போனபோது அவள் பலகையைப் பார்த்தாளா இல்லையா, தெரியவில்லை. பிட்டுக்குள் நுழைய அவள் இன்னும் ஒரு முழு லேப் சுற்றி வர வேண்டும். முதல் வளைவுக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்தது. ரேஸ் ஓடுகிற வழியை விட்டு ஓரமாக ஒதுங்கியது. மெதுவாகப் போகிறேன் என்று பின்னால் வருகிறவர்களுக்குக் காட்ட, ஜன்னல் வழியாகக் கை மேலே போனது. பின்னால் வந்த கார்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டிப் போயின.

கேலரியில் யாரோ, “ஜெயிக்கிற புள்ளயப் போயி உள்ள கூப்புட்டுட்டானுவளே, படுபாவிங்க!” என்று கத்தியது எனக்கே கேட்டது.

பிட்டில் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். முதல் நட்டைத் திருப்பினேன். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து உடைந்து கையில் வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படியே. ஒரு வீலுக்கு மொத்தம் இருப்பதே நாலு.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் பாய். பெல்ட்டைக் கழற்றி அவளை வெளியே இறக்கினார். ரேஸ் அதோடு முடிந்தது.

4. கேட்டுவிட்டேன்

ஸ்டெல்லா போய் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதாள். இரண்டு வருஷ உழைப்பு, அழத்தான் செய்வாள். அந்தோணி அண்ணன் ஓடி வந்தார். நான் உடைந்த ஸ்டட்டை அவரிடம் நீட்டி, “நான் செஞ்ச வேலண்ணே” என்றேன். அறைவார் என்று எதிர்பார்த்தேன். கன்னத்தைக் காட்டத் தயாராகவும் இருந்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏறி மிதி, ஏறி மிதின்னு ஒன்ன அந்தக் காலத்துல வெரட்டுனதே நான்தானேடா” என்று சொல்லிவிட்டு, “மாதாவே” என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு மகளிடம் போனார்.

ஜமால் பாய் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. “திங்கக்கெழம வாங்க. நாலு வீலுலயும் எல்லா ஸ்டட்டயும் மாத்தணும்” என்றார், அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை ஷெட்டுக்கு ஸ்டெல்லாவும் வந்தாள். மனசு கேட்காமல் அவளிடம் கேட்டுவிட்டேன். “பலகையப் பாக்கலன்னு சொல்லிட்டு ஓட்டிருக்கலாமே தாயி. நெறைய பேரு அப்படித்தான் செய்யிறாங்க. நீ ஏன் வந்த?”

“பாக்காத மாதிரி போயிடலாம்னுதான் சித்தப்பா நெனச்சேன். பாயி பலகையத் தூக்குறது புதுசா என்ன? ஆனா பக்கத்துல நீங்க தலையில கைய வெச்சுக்கிட்டு நின்னீங்க. செத்தாலும் தன் மேல தப்புன்னு ஒத்துக்காத மனுஷன் இப்படி நிக்கிறாரே, அப்ப வண்டியில பெருசா என்னமோ இருக்குன்னு ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுத்துட்டேன்.”

அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். கை தப்புச் செய்யும், யார் கையும் செய்யும். செய்துவிட்டால் உள்ளே ஒளிந்துகொள்ளாதீர்கள், ஓட்டுகிறவர் பார்க்கிற இடத்தில் போய் நில்லுங்கள். அந்த வேகத்திலும் அவர்கள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள்.