இடது தோளுக்கு வளைத்த துப்பாக்கி

இலுப்பெண்ணெய் காயும்போது வருகிற வாசம் நெஞ்சை அடைக்கும். அது புகைய ஆரம்பித்தால் கண் எரியும், தொண்டை கமறும், கொடியில் கிடக்கிற துணியெல்லாம் கசப்பு ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஒரு மார்கழி மாதம் அந்த வாசத்திலேயே கழிந்தது. விளக்குக்கோ வைத்தியத்துக்கோ அல்ல, ஒரு துப்பாக்கிக் கட்டையை வளைப்பதற்காக அந்த எண்ணெய் காய்ந்தது.

அப்போது நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். எங்கோ பெரிய சண்டை நடக்கிறது, அதனால் துணி கிடைக்காது, சீமெண்ணெய் கிடைக்காது, தோட்டாவும் கிடைக்காது என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட காலம். பொன்னமராவதிக்கு வடக்கே காட்டை ஒட்டி இருந்த ஒரு பெரிய பண்ணையில் என் தகப்பனார் காவல்காரராக இருந்தார். அவரை நான் அய்யா என்று கூப்பிடுவேன், என்னைப் பெற்றவளை ஆத்தா என்று. கடலையும் வரகும் விளைகிற நாளில் காட்டுப் பன்றி கூட்டமாக இறங்கும். அதைச் சுடவும் விரட்டவும் பண்ணையார் தம்முடைய ரெட்டைக்குழல் துப்பாக்கியை அய்யாவிடம் கொடுத்து வைத்திருந்தார். அந்த வேலைக்காக ஒரு துண்டு மானாவாரி நிலமும், அதில் ஒரு கிணறும், கிணற்றடியில் நாங்கள் குடியிருந்த மண்வீடும் எங்கள் அனுபவத்தில் இருந்தன. "காவ மானியம்" என்பார்கள். துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் நிலமும் வீடும்.

அந்த வருஷம் ஐப்பசியில், அடிபட்ட பன்றியைத் துரத்திக்கொண்டு போன இடத்தில் காரை முள் ஒன்று அய்யாவின் வலது கண்ணில் ஏறிவிட்டது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் காட்டியும் கண் மிஞ்சவில்லை. திரும்பி வந்தவரைப் பண்ணையார் கூப்பிட்டு அனுப்பினார். "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டு என்னத்தடா சுடுவே? ஆளு மாத்தணும்டா" என்றாராம். அய்யா கெஞ்சி, இடது கண் இருக்கிறது, இடது தோளில் வைத்துப் பழகிக்கொள்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். "தை பொறக்கறதுக்குள்ள எல்லாரு முன்னாடியும் சுட்டுக் காட்டு. தவறுனா எடத்தக் காலி பண்ணணும்" என்பதோடு பேச்சு முடிந்தது. பழகிக்கொள்ளத் துப்பாக்கியையும், பெட்டியில் மிச்சமிருந்த கொஞ்சம் தோட்டாவையும் கொடுத்தார்.

துப்பாக்கியைத் தோள் மாற்றி வைப்பது குடத்தை இடுப்பு மாற்றி வைப்பது போல என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தோளில் முட்டுகிற அதன் மரக்கட்டையை வலது கைக்காரருக்கென்று செய்யும்போதே லேசாக வலப்பக்கம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். கன்னத்தை வைத்தால் கண் தானாகக் குழலுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். இடது தோளுக்குக் கொண்டுபோனால் அந்த ஒதுக்கம் எதிர்ப்பக்கமாகிவிடும், கண் குழலுக்கு வெளியே போய்விடும். ஓடுகிற பன்றியை நிதானமாகக் குறி பார்த்துச் சுட முடியாது. தூக்கியதும் சுட வேண்டும். கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தோட்டாவின் ஈய ரவை போகும் என்று அய்யா சொல்வார்.

வண்டி செய்கிற ஆசாரி ஒருவர் இருந்தார், அய்யாவுக்குக் கூட்டாளி. அவர்தான் வந்து, கட்டையின் ஒடுங்கின கழுத்தில் துணியைச் சுற்றி, காய்ந்த இலுப்பெண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, மரம் இளகியதும் கயிறு போட்டு முறுக்கி ஆட்டுரலோடு கட்டி வைப்பார். மறுநாள் அவிழ்த்தால் மயிரிழை அளவு திரும்பியிருக்கும். மறுபடி எண்ணெய், மறுபடி முறுக்கு.

"காவக்காரரே, ஒம்ம வண்டிக்கு அச்சு மாத்துனாக்கூட இம்புட்டு எண்ணெ செலவில்ல" என்பார் ஆசாரி.

"அச்சு முறிஞ்சா வண்டிதான் நிக்கும். இது முறிஞ்சா நாங்க தெருவுல நிப்போம். பாத்து முறுக்கும்யா" என்பார் அய்யா.

கட்டையின் நீளத்தையும் பார்த்தார்கள். வழக்கம்போல மேலுக்கு ஒன்றும் இல்லாமல், இடுப்பு வேட்டியோடு அய்யா நின்று, முழங்கையை மடக்கிக் கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்து, விசையில் விரல் எட்டுகிறதா என்று பார்ப்பார். இடது கை பழகாத கை, கொஞ்சம் குட்டையாக இருந்தால் நல்லது என்று ஆசாரி அடியில் ஒரு சீவல் அறுத்துப் போட்டார். பிறகு அய்யா குழலைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று என்னிடமும் ஆத்தாவிடமும் காட்டிவிட்டு, ஆத்தாவை எதிரே நிற்கச் சொல்வார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்து, அப்புறம் கண்ணைத் திறப்பார்.

"எங்க இருக்கு கண்ணு?"

"கொஞ்சம் அங்கிட்டு இருக்குங்க. மேலயும் தூக்கலாத் தெரியுது."

ஆசாரி கன்னம் படுகிற இடத்தைச் சீவுவார். அய்யா மறுபடி தூக்குவார். ஆத்தா அன்னியர் இருக்கும்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. அந்த மாதம் குழலின் நுனியில் நின்றுகொண்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள், "இப்ப நடுவுல இருக்குங்க, பொட்டு வச்சாப்புல" என்றாள். ஆசாரி சிரித்துவிட்டார். ஆத்தா முகம் சிவந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சுட்டுப் பார்த்தது. அய்யாவின் பழைய வேட்டியைக் கஞ்சியில் தோய்த்து விறைப்பாகக் காயவைத்து, இரண்டு பனைக்கு நடுவே கட்டி, மத்தியில் கரியால் ஒரு வட்டம் போட்டார்கள். முதல் வேட்டில் ரவை எல்லாம் வட்டத்துக்கு மேலே, வலப்பக்கம் போய் அப்பியிருந்தது. மறுபடி எண்ணெய் காய்ந்தது, சீவுளி இறங்கியது. வேறு ஒரு நாள் சுட்டதில் வட்டத்தைத் தொட்டது. கடைசியாகச் சுட்டபோது வட்டமே பொத்தல் பொத்தலாகப் போய்விட்டது. அய்யா அந்த வேட்டியை அவிழ்த்துத் தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேட்டியின் பொத்தல் வழியே அவர் தலைமுடி தெரிந்தது. கண் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆனால் துப்பாக்கி உதைத்து உதைத்து, அந்தப் பழகாத தோள் கத்தரிக்காய் நிறத்துக்குக் கன்றிப்போயிருந்தது. ஆத்தா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். தொட்டால் அய்யா பல்லைக் கடிப்பார். இனிமேல் தோட்டாவை வீணாக்க வேண்டாம் என்று துப்பாக்கியைப் பண்ணை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். சுட்டுக் காட்டுகிற நாளுக்கு நேரே கண்மாய்க் கரைக்கு வந்துவிடும்.

அந்த நாள் விடிந்தபோது நல்ல பனி. பண்ணையார் முன்னால் நிற்பதென்றால் காவல்காரர் பண்ணையில் கொடுத்த காக்கிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும், வெறும் மேலோடு நிற்கக் கூடாது. ஆத்தா கோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்தின நாளெல்லாம் உட்கார்ந்து, இடது தோளின் உட்பக்கம் இலவம் பஞ்சை வைத்து, மேலே துணி கொடுத்து, வெளியே தெரியாமல் பொடிப் பொடியாகத் தைத்திருந்தாள்.

"போட்டுக்கங்க. இனி அது ஒதைச்சா ஒங்களுக்குத் தெரியாது."

அய்யா உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். "மெத்தையில்ல தச்சுப்புட்ட புள்ள" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கண்மாய்க் கரைமேலிருந்து சரிவில் ஒரு பழம்பானையை உருட்டிவிடுவார்கள், அது கீழே வந்து நிற்பதற்குள் உடைக்க வேண்டும். பன்றி வருகிற வேகம் அதுதான் என்று பண்ணையார் வைத்த கணக்கு. ஊரே கூடிவிட்டது. பெண்கள் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, விலாப் பக்கமாகத் தலையை நீட்டிப் பார்த்தேன்.

பானை உருண்டது. அய்யா தூக்கினார். எங்கள் வீட்டு வாசலில் தூக்கும்போது துப்பாக்கி தோளில் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். அன்றைக்குக் கட்டையின் அடி கோட்டுத் துணியில் இடறி நின்று, பிறகு ஏறியது. வேட்டுச் சத்தம் கேட்டது. பானைக்கு முன்னால், தாழ, வலப்பக்கம் புழுதி கிளம்பியது. பானை உருண்டு வந்து கீழே அசைந்து நின்றது.

"மாமோவ், பானைய வந்து குழல்ல ஏறிக்கிறச் சொல்லுவமா?" என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

அய்யா புழுதி கிளம்பின இடத்தைப் பார்த்தார். பிறகு வலது கையால் தம் இடது தோளைத் தொட்டார். அடுத்து, புளியமரத்தடியைப் பார்த்தார். கை கோட்டின் முதல் பொத்தானுக்கு வந்தது, அங்கேயே கொஞ்சம் நின்றது, கீழே இறங்கிவிட்டது.

அடுத்த பானைக்குக் கோட்டோடுதான் தூக்கினார். இந்தத் தடவை ரவை பானைக்கு மேலே போய்க் கரையில் அடித்தது.

பண்ணையார், "என்னடா?" என்றார்.

"கண்ணு தெரியலங்க" என்றார் அய்யா. "இந்தக் கண்ணும் மங்கிப்போச்சுங்க."

ஆத்தா வாயில் சேலையை வைத்துக்கொண்டாள்.

இரண்டொரு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. கோட்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் அய்யாவைத் தேடிக்கொண்டு போனேன். மடியில் கோட்டை விரித்துப் போட்டு, ஒரு கருவேல முள்ளால் ஆத்தா போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நிழலான இடம். எனக்கே அந்தத் தையல் கண்ணுக்குத் தட்டுப்படாது. அவர் ஒரு நூலைக்கூட அறுக்கவில்லை.

"கண்ணு தெரியலன்னீங்க அய்யா?" என்றேன்.

அவர் பஞ்சைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டார். "வெறும் மேலோட அளந்த கட்டை, தாயி. கோட்டுக்கே நீண்டு போயிருக்கும், அத நானும் நெனைக்கல, ஆசாரியும் நெனைக்கல. இந்தப் பஞ்சும் சேந்துக்கிட்டுத் தோள்ல ஒக்கார விடல" என்றார். பிறகு, "ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லிப்புடாத. எனக்குக் கண்ணு தெரியல. அம்புட்டுத்தான்" என்றார்.

கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுட்டிருக்கலாமே என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கழற்றினால் பஞ்சு வெளியே தெரியும், பெண்டாட்டி மெத்தை தைத்து அனுப்பினாள் என்று ஊர் சிரிக்கும் என்ற வெட்கமா, அவள் நொந்துபோவாளே என்ற பிரியமா, கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் சரிக்கட்டிவிடலாம் என்ற நம்பிக்கையா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

சொன்ன பொய்யை அய்யா சாகும்வரை நடந்து காட்ட வேண்டியிருந்தது. வேறு ஊரில், ஒண்டுக் குடிசையில், கண் தெரியாதவராக உட்கார்ந்திருந்தார். வேறு காவலுக்குப் போக முடியாது; போனால் கண் தெரிகிறது என்று ஆகிவிடும். ஆத்தா தினமும் விடியலில் நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து அவர் இடது கண்மேல் வைத்துக் கட்டுவாள். நல்ல கண்ணைக் கட்டிக்கொண்டு அவர் சுவரில் சாய்ந்திருப்பார். கட்டியதை அவிழ்த்துவிட்டு, "இப்ப ஏதாச்சும் தெரியுதாங்க?" என்று கேட்பாள். "வெளிச்சம் தெரியுது" என்பார். அவள் களையெடுக்கப் போவாள். படிப்பை நிறுத்திவிட்டு நானும் கூடப் போனேன். வயிறு நிறைந்த நாள் அந்த வீட்டில் அபூர்வம். அப்படியே இருந்து, நான் ருதுவான வருஷம் அவர் போய்விட்டார்.

பழியிலிருந்து அவளைக் காப்பாற்றியதாக அவர் நினைத்திருப்பார். அதுவும் நடக்கவில்லை. "அந்த வலது கண்ணுக்கு மொதல்லயே சரியா மருந்து பாத்திருந்தா இன்னொரு கண்ணும் மங்கியிருக்காது, நாந்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று கிழவியாகிப் படுக்கையில் கிடந்தபோதும் புலம்பினாள். கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க அய்யாவுக்கு நெசமாவே கண்ணு தெரியாமத்தாண்டி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஆமாத்தா" என்றேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது, கேட்டு வருத்தப்பட ஒருவரும் மிச்சமில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போன பஸ் அந்த வழியாகப் போனது. கடலை விளைந்த மேடெல்லாம் தைலமரம் நிற்கிறது. காரைப் புதர் இல்லை, பன்றி இறங்குகிற தடம் இல்லை. கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று ஜன்னல் வழியாகத் தேடினேன். எல்லா மரமும் ஒன்றுபோல இருந்தன. கண்டுபிடிப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.