பதில் ஆள்

ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும் விண்ணப்பம் திரும்பி வந்தது. அந்தப் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. நான் சென்னையில் படிக்கும் காலத்தில் என் வார்டைப் பார்த்துக்கொள்ளப் போகும் நர்ஸ் யார் என்று அதில் எழுத வேண்டும். எழுத ஆள் இருந்தால்தானே! இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டை நான் ஒருத்தியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஓர் அரசு ஆஸ்பத்திரி, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். அதை ஒட்டியே நர்ஸிங் பள்ளி. படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாம் அரசாங்கச் செலவு. நெமிலி, அணைக்கட்டு பக்கத்து ஊர்களில் நிலத்தில் வேலை செய்தவர்களின் பெண்கள், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தவர்களின் பெண்கள், எல்லாரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கு நான்கு டியூட்டர், அதாவது ஆசிரியை, பணியிடம். இருந்தது ஒரே ஒருவர், தலைமை டியூட்டர். மற்றவர்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். மூன்று வருஷத்துப் பாடத்தையும் அந்த அம்மாவே நடத்தினார். சாயங்காலம் ஆனால் அவருக்குத் தொண்டையே இருக்காது.

சொல்லிக் கொடுப்பதில் எனக்குக் கொள்ளை ஆசை. பயிற்சிக்கான வயது வரம்புக்கு இரண்டு வருஷம்தான் பாக்கி இருந்தது. அந்த நேரத்தில்தான் பள்ளியைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தது. தலைமை டியூட்டர் என் வார்டுக்கே வந்துவிட்டார்.

“நாளைக்கு ஒரு நாள் டியூட்டரா வந்து நில்லும்மா. இன்னும் ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன். ஆள் கம்மின்னு எழுதிட்டா, ஃபர்ஸ்ட் இயர் பசங்கள பரீட்சை எழுத விடமாட்டாங்க.”

“நாலு பேர் இருக்காங்கன்னு காகிதத்துல ஏறிட்டா, காலி எங்க மேடம் இருக்கும்? காலி இல்லைன்னா என்னை எதுக்குப் பயிற்சிக்கு அனுப்பப் போறாங்க?”

மருந்துத் தட்டைப் படாரென்று வைத்தேன். எனக்குக் கோபம் வந்தால் சாமான்தான் சத்தம் போடும். ஆனாலும் மறுநாள் டியூட்டர் மாதிரித் தெரிய, சீருடையான வெள்ளைப் புடவையை விட்டு, சர்ச்சுக்குக் கட்டும் ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன்.

பார்வையிட வந்தவரும் நர்ஸாக இருந்து மேலே வந்த அம்மாதான். “ஒரு கிளாஸ் எடுங்க, பார்க்கிறேன்” என்றார். கரும்பலகை முன்னால் நின்றால் உளறிவிடுவேன் என்று பயந்து, பெண்களை என் வார்டுக்கே அழைத்துப் போனேன். தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்து இரண்டு கையும் வெந்துபோன ஆம்பூர்க்காரர் ஒருவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னா சிஸ்டர், இன்னிக்குக் கலர் புடவை?”

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் எதுவும் காதில் விழாததுபோல அவர் கையிலிருந்த கட்டைப் பிரித்தேன். காய்ந்து ஒட்டிய துணியை எப்படி நனைக்க வேண்டும், இழுக்காமல் எப்படி எடுக்க வேண்டும், விரலுக்கு விரல் ஏன் தனித்தனியாகக் கட்ட வேண்டும் என்று சொல்லச் சொல்ல, பயம் போய்விட்டது. முன்னால் நின்ற ஒரு குட்டைப் பெண், நெமிலிக்காரி, கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். என்றும் சிஸ்டர் என்பவள் அன்றைக்கு மறக்காமல் மேடம் என்றாள். அந்த அரைமணி நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

வராந்தாவில், பார்வையிட வந்த அம்மா என்னை நிறுத்தினார். “நல்லா சொல்லிக் குடுக்கிறீங்க. எத்தனை வருஷமா டியூட்டரா இருக்கீங்க?”

புடவை விஷயம் அவர் காதிலும் விழுந்திருக்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. நிஜத்தைச் சொல்ல அவரே வழிவிட்டு நின்றார். பின்னால் பெண்கள் நின்றிருந்தார்கள்.

“ரெண்டு வருஷமா மேடம்” என்றேன். அவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பெண்கள் பரீட்சை எழுதினார்கள். நான்காவது விண்ணப்பம் அனுப்பினேன். இந்தத் தடவை அந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆசிரியைப் பணியிடம் எதுவும் காலியில்லை, அதனால் பயிற்சிக்கு அவசியமில்லை என்று இரண்டே வரி. துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருஷமும் தலைமை டியூட்டர் வந்தார். “காலியா இருந்தா காலின்னே சொல்லுங்க மேடம். நான் வர்றதா இல்ல” என்றேன். அவரும் களைத்துப் போயிருந்தார். உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் கத்தினார்கள், எச்சரித்தார்கள், ஆனால் பள்ளியை மூடவில்லை. மூன்று காலியிடம் என்பது ஒருவழியாகக் காகிதத்தில் ஏறியது. நிரப்ப வேண்டியவர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம் என்று சுற்றறிக்கை வருவதற்குள் எண்பதுகள் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஓடிவிட்டன. என் வயது வரம்பும் தாண்டியிருந்தது.

அப்போது என் வார்டில் இன்னொரு நர்ஸ் வந்து சேர்ந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த நெமிலிக்காரிதான். அவளை உட்கார வைத்து விண்ணப்பம் எழுதச் சொன்னேன். மளமளவென்று எழுதியவள், கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டாள்.

“எனக்குப் பதிலா யாரு சிஸ்டர் இருக்காங்க? விட்டுடலாம்.”

பேனாவை வாங்கி அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.