கடைசி எழுத்து விட்டுப்போன மருந்து

ஷபீ அஹமதுவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை ஆம்பூர் கண்டதில்லை. எங்கள் தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. எந்தத் தோலைக் கொடுத்தாலும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவார். டீ கொண்டுவந்து வைத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பார்க்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அந்தச் சந்தேகம்தான் அவரை முப்பது தாண்டியும் உயிரோடு வைத்திருந்தது. பிறவியிலேயே அவருக்கு ஹீமோஃபீலியா. ரத்தம் கசிய ஆரம்பித்தால் லேசில் உறையாது. ஒரு பல்லைப் பிடுங்கப் போய் அண்ணனைப் பறிகொடுத்த வீடு அது. தலைவலிக்கு யார் மாத்திரை நீட்டினாலும் ஆஸ்பிரினா என்று விசாரிக்காமல் வாங்க மாட்டார். அது ரத்தத்தை இன்னும் உறையவிடாமல் செய்யும் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் கசிந்தால் வேலூருக்கு ஓடி, பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சத்தை ஏற்றிக்கொள்வதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி.

எண்பத்து நான்காம் வருஷம் கோடையில் எங்கள் முதலாளி ஜெர்மனியிலிருந்து ஃபேக்டர் மருந்து வரவழைத்தார். அந்தச் சத்தையே பொடியாக்கிக் குப்பியில் அடைத்தது. வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், ஆனால் குளிரில் வைத்திருக்க வேண்டும். மருந்து வந்ததும் கம்பெனி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லி முதலாளி ஸ்டோர் கீப்பர் அப்துல் ஹமீதிடம் பொறுப்பை விட்டார்.

ஒருநாள் ஈரத் தரையில் ஷபீ பாய் வழுக்கி விழுந்தார். வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி வீங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த ரோஸ் சிஸ்டரைக் கூப்பிட்டோம். வேலூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஹமீத் குப்பிகளைக் கொண்டுவந்தான். சிஸ்டர் பொடியில் தண்ணீரை விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டினார். மருந்து தெளிவாகக் கரைந்தது.

ஷபீ பாய் குப்பியை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பழக்கம் விடுமா? எங்கே இருந்தது இது என்று ஹமீதிடம் கேட்டார். ஃபிரிட்ஜில்தான் என்று அவன் கேள்வி முடிவதற்குள் சொன்னான். அந்த அவசரம் ஷபீ பாய்க்குப் பிடிக்கவில்லை. வெயில் பட்டிருந்தால் என்ன ஆகும் என்று சிஸ்டரைக் கேட்டார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, மருந்தில் சக்தி மட்டும் போயிருக்கும் என்றார் சிஸ்டர். மருந்து போட்டாச்சே என்று நம்பி வீட்டில் படுத்திருந்தால் முட்டியில் ரத்தம் நிறைந்து கால் முடங்கிவிடும்.

அவர் மனைவி ஷஹீன் பானு அழத் தொடங்கினார். ஒன்றும் ஆகாது, போட்டுக்கொள்ளுங்கள் என்று நாங்கள் எல்லோரும் வற்புறுத்தினோம். வலியில் மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதும் அவர் கண் ஹமீதை விட்டு நகரவில்லை.

"ஹமீத், நீயே வந்து என் கையப் புடிச்சுக்கோ. ஊசி போறப்ப ஆடாம பாத்துக்கோ."

ஹமீத் வந்து பிடித்தான். சிஸ்டர் நரம்பைத் தேடிப் பஞ்சால் துடைத்தார். ஊசி தோலைத் தொடப்போகும் நேரத்தில் அவன் குறுக்கே கை நீட்டித் தடுத்தான்.

"வேணாம் பாய். போடாதீங்க."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. பெட்டிமேல் இங்கிலீஷில் ஃபேக்டர் என்று இருந்ததைப் பார்த்து, ஃபேக்டரி என்பதில் கடைசி எழுத்து விட்டுப்போயிருக்கிறது, தோலுக்குப் போடுகிற ஏதோ மருந்துதான் என்று நினைத்திருக்கிறான். தகரக் கூரை கிடங்கில் தோல் பதனிடுகிற குரோம் பவுடர் மூட்டைகளோடு அடுக்கிவிட்டான். கோடை வெயிலில் அது அங்கேயே வெந்துகொண்டு கிடந்தது. மருந்து வந்ததா என்று முதலாளி கேட்ட பிறகு, சத்தமில்லாமல் எடுத்து ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே அறைந்திருப்பேன், நேரம் இல்லை.

முதலாளி காரில் வேலூருக்குப் பறந்தோம். மருந்து ஏற்றி வீக்கம் வடியச் சில நாட்கள் ஆயின. கால் தப்பியது, லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது.

அடுத்த பெட்டி வந்தபோது யாரிடம் கொடுப்பது என்று முதலாளி கேட்டார். ஹமீதிடம் என்றார் ஷபீ பாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னவனிடமா பாய் என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க எல்லாரும் ஒண்ணும் ஆவாது, போட்டுக்கோன்னீங்க. அவன் ஒருத்தன்தான் வேணாம்னான்."