கடைசிப் பத்தி

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்தேன். செய்தி நீண்டால் அடியிலிருந்து வெட்டுவது என் வேலை. முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும், கடைசிப் பத்தி போனால் யாருக்கும் நட்டமில்லை என்பது எங்கள் மேசையின் சட்டம். நியூசிலாந்துக்கு வந்தபின் ஒக்லண்டில் எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வாளிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரில் நின்று மூடி போட்டவர் கானா நாட்டுக்காரர். ஒரு வருடத்தில் நாங்கள் பேசியது மழையையும் ஓவர்டைமையும் பற்றித்தான். வேலை உடுப்பில்லாமல் அவரை முதலில் பார்த்தது நகரத்தில் நடந்த ஒரு ரசிகர் மாநாட்டில். மாநாடு என்றால் எனக்குத் தெரிந்தது மேடை, மாலை, தீர்மானம். இது வேறு. விண்வெளிக் கதைகளிலும் காமிக்ஸிலும் பைத்தியமானவர்கள், பிடித்த பாத்திரம்போல் உடுத்திக்கொண்டு கூடுகிற நாள். பதின்மூன்று வயது மகள் கேட்டதால் கூட்டிப்போனேன்.

அவள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வரும் விண்கலக் கப்டனாக நீலக் கோட்டு அணிந்திருந்தாள். துணி மனைவியின் பழைய திரைச்சீலை. பொத்தான்களை அவளே தைத்திருந்தாள். உடைப் போட்டிக்குப் பெயர் பதியும் மேசையில் இருந்த வெள்ளைக்காரர் அவளைப் பார்த்தார். கெட்டவராகத் தெரியவில்லை.

"அந்தக் கப்டனுக்குப் பொன்னிற முடி அல்லவா? உன்னை வேற்றுக்கிரகவாசி என்று பதியட்டுமா?"

மகள் கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினாள். மூன்றாவது பொத்தானில், வரிசையில் பின்னால் வெள்ளிக் கவசத்தோடு நின்ற ஒருவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"கப்டன், உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்."

எதிரில் நின்று மூடி போடுகிறவர்தான். முந்திய ஆண்டு அதே மேசையில் அவரை 'வில்லன்' என்று பதிந்தார்களாம்.

மகள் பொத்தான்களைத் திரும்பப் போட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கோட்டை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். நாள்தோறும் நிரப்பிய வரைதல் கொப்பியையும் அதன்மேல் வைத்தாள். மூன்று மாதம் அதை எடுக்கவில்லை.

குளிர்காலத்தில் கானாக்காரர் சொன்னார், தாங்களே ஒரு நாள் நடத்தப் போவதாக. கறுப்பு நாயகர்கள் வரும் காமிக்ஸ், கறுப்பர்கள் எழுதிய விண்வெளிக் கதைகள், உடை ஊர்வலம், சாப்பாடு. மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தேவாலய மண்டபம். மகளிடம் சொன்னேன். அவள் கதிரை போட்டு ஏறிக் கோட்டை எடுத்தாள். ஒரு நிபந்தனை வைத்தாள்: பள்ளித் தோழிகள் இருவரும் வர வேண்டும், தனியாகப் போய் நிற்க மாட்டாள். ஒருத்தி சமோவாக்காரி, மற்றவள் பிஜி இந்தியப் பெண்.

அறிவித்தலை அவர் கையால் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். "நீ பத்திரிகைக்காரன். பார்த்துச் செய்." வீடு வீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகைக்குத் தொலைபேசி எடுத்தேன். சுருக்கமாக இருந்தால் நல்லது என்றார்கள். எத்தனை சொல் என்று நான் கேட்கவில்லை. தட்டச்சு செய்து, பழக்கப்படி, அடியிலிருந்து ஒரு பத்தியை வெட்டி அனுப்பினேன். கை தானாகச் செய்தது.

தொடர்புக்கு என் பெயரோடு அறிவித்தல் வந்த வாரம், கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது தெரிந்தவர் ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, உது கறுப்பாக்களின்ர விழாவெல்லோ? நீங்கள் எப்ப மாறினியள்?"

"வெள்ளைக்காரன்ர கண்ணுக்கு நீரும் கறுப்புத்தான் தம்பி."

"அது அவன்ர கண்ணில பிழை," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தோழிகள் இருவரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பத்திரிகையில் 'கறுப்பின ரசிகர்களுக்கான நாள்' என்று போட்டிருந்தது, தாங்கள் போனால் அழையாத வீட்டில் நுழைந்த மாதிரி இருக்கும் என்றார்களாம். மகளும் போக மாட்டாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலை கோட்டை ஒரு பையில் வைத்துக்கொண்டு காருக்கு வந்தாள்.

"உவளை ஏன் மழைக்குள்ள இழுத்துக்கொண்டு போறியள்?" என்றாள் மனைவி.

"அவர் எனக்கு சல்யூட் அடிச்சவர்," என்றாள் மகள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அதைத் தமிழில் சொன்னாள்.

மண்டபத்தில் அறுபது கதிரைகள். எங்களோடு ஒன்பது பேர். அவர் வெள்ளிக் கவசத்தில் வாசலில் நின்றார். அவர் மனைவி இரண்டு பெரிய சட்டிச் சோற்றை மூடிவைத்து, கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தார். மகள் பையைத் திறக்கவில்லை. சுவரோரமாக நடந்தவள் ஓரிடத்தில் நின்றாள். அவர் எழுதிய பக்கத்தைப் பெரிதாகப் பிரதியெடுத்து ஒட்டியிருந்தார்கள். கடைசிப் பத்தி வரை வாசித்தாள். அது இப்படி இருந்தது: "நீங்கள் கறுப்பராக இருக்க வேண்டியதில்லை. 'அந்த நாயகன் நீ இல்லை' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்த நாள் உங்களுடையது. உங்கள் உடையோடு வாருங்கள்."

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். "இது பேப்பரில் இல்லையே. ஏன்?"

"இடம் காணாது பிள்ளை."

"யார் வெட்டினது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் வந்துவிட்டார். தான் எழுதியதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வெட்டியது அவருக்குப் பத்திரிகை வந்த அன்றே தெரிந்திருக்கும். ஒரு வாரம் எதிரில் நின்று மூடி போட்டவர், ஒரு சொல் கேட்கவில்லை.

"எங்கள் ஊரில் பெரிய விஷயத்தைக் கடைசியில்தான் சொல்வோம்," என்றார். "முதலில் சொன்னால் யாரும் மீதியைக் கேட்க மாட்டார்கள்."

பிறகு மகளை நோக்கி விறைத்து நின்றார். "கப்டன்?"

அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பை காருக்குத் திரும்பியது. ஊர்வலம் நடக்கவில்லை. சோற்றில் பாதியை எங்களிடம் கட்டிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்த நாளை யாரும் நடத்தவில்லை. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். மகள் அதன்பின் வரைந்து நான் பார்த்ததில்லை. கேட்டால், "அது சும்மா சின்னப்பிள்ளை விளையாட்டு," என்பாள்.

மண்டபத்திலிருந்து வந்த அன்று மாலை அந்தப் பத்திரிகைப் பக்கத்தை மேசையில் விரித்து, அவளுடைய அடிமட்டத்தால் அளந்தேன். எங்கள் அறிவித்தலுக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் மிஞ்சியிருந்தது. மிஞ்சும் இடத்தை நிரப்பப் பத்திரிகை மேசைகளில் எப்போதும் சில படங்கள் வைத்திருப்பார்கள், நாங்களும் வைத்திருந்தோம். இவர்கள் ஒரு பூங்கொத்து போட்டிருந்தார்கள். கடைசிப் பத்திக்கு மூன்றரை சென்ரிமீற்றர் போதும்.