பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலைக்கு நான் எட்டு ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தேன். பொதட்டூர்பேட்டையிலிருந்து சட்டம் படிக்க வந்தவளுக்கு முதலில் அமைந்த பெரிய கிளையன்ட் அதுதான்.

அங்கே ஒரு காலை ஷிஃப்டில், கிரேனில் தொங்கிய இரும்புக் கட்டு திடீரென்று சரிந்து கீழே நின்ற இளைஞன் மேல் விழுந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கிரேனை ஓட்டியவர் அவனுடைய அக்கா கணவர். கவனக்குறைவு என்று சொல்லி ஆலை அவரை வேலையிலிருந்து நீக்கியது. அவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். ஆலைக்காக நான் ஆஜரானேன்.

ஆலை அனுப்பிய காகிதங்களோடு, யாரும் கவனிக்காமல் ஒரு நகல் வந்துவிட்டிருந்தது. ஷிஃப்ட் நோட்டின் ஒரு பக்கம். விபத்துக்கு நான்கு நாள் முன்பு, கிரேன் ஓட்டியவர் கோணலான எழுத்தில், ‘கிரேன் பிரேக் சரியா புடிக்கல, பாக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். மறுநாள் தேதியிலும் அதே வரி. ஆலையின் அதிகாரிக்கு போன் செய்தேன்.

“அந்த நோட்டு இப்ப இல்ல மேடம். அந்தப் பேப்பரை விட்டுடுங்க” என்றார்.

விட்டுவிட்டேன். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை. கோப்பின் கடைசியில் செருகி வைத்தேன்.

குறுக்கு விசாரணையில் அவர், நோட்டில் எழுதி வைத்ததாகச் சொன்னார்.

“அந்த நோட்டைக் காட்ட முடியுமா?” என்று கேட்டேன்.

“அது ஆபீஸ்ல கீது மேடம். என்கிட்ட எப்படி இருக்கும்?”

“அப்படியென்றால் ஆதாரம் இல்லை. சரி, இறந்தவருக்கும் உங்களுக்கும் முந்தைய வாரம் சண்டை நடந்ததா?”

ஆலைக்காரர்கள் எனக்குக் காதோடு சொல்லியிருந்த செய்தி அது. அவர் திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

“ஊட்டுல வர்ற சண்டை தான் மேடம்…”

“நடந்ததா, இல்லையா?”

“நடந்துச்சி.”

வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டேன். வேண்டுமென்றே போட்டார் என்று நான் ஒரு நொடிகூட நம்பவில்லை. ஆனால் நீதிபதியின் பேனா அந்த இடத்தில் ஓடியதைக் கவனித்தேன். அந்தப் பெண் எழுந்து, கணவரைப் பார்க்காமலே வெளியே போனாள். வழக்கு எங்கள் பக்கம் தீர்ப்பானது.

பிறகு அரசியலுக்கு வந்தேன். கூட்டங்களில் நன்றாகப் பேசுவேன். நாடாளுமன்றத் தேர்தலில் நிற்க வாய்ப்பு கிடைத்தது. பிரச்சாரத்தில் ஆரணியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குள் எங்கள் திறந்த வேன் நுழைந்தபோது கிரேன் ஓட்டியவரின் மனைவி குறுக்கே வந்து நின்றாள். டிரைவர் சட்டென்று வண்டியை நிறுத்தினார்.

“என்னைத் தெரியுதா?”

“தெரியுதும்மா.”

“கோர்ட்டுல இருந்து நேரா எங்க அம்மா ஊட்டுக்கு வந்தவ. ஆறு வருசமா அவரு மூஞ்சிய பாக்கல. எந்தம்பிய அவரு வேணும்னு தான் போட்டாரா? நீ தான அன்னைக்குக் கேட்ட? உனக்குத் தெரியும். சொல்லிட்டுப் போ.”

மைக் என் கையில் இருந்தது. பின்னாலிருந்து கட்சியின் ஒன்றியச் செயலாளர் குனிந்து, “அக்கா, இன்னாவாவது சொல்லி வண்டிய எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

“தீர்ப்பு சொன்னது நீதிமன்றம்மா. நான் ஜெயிச்சு வந்ததும் உங்க குறையைக் கேக்குறேன்” என்றேன்.

யாரோ அவள் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள். வேன் கிளம்பியது. அடுத்த தெருவில் மாலையை வாங்கிக்கொண்டு மறுபடி மைக்கை எடுத்துப் பேசினேன்.

ஜெயித்து டெல்லிக்குப் போனேன். ஒரு குழுக் கூட்டத்தில் தொழிற்சாலை மரணங்களைப் பற்றி அதிகாரி ஒருவர் அறிக்கை வாசித்தார். பெரும்பாலும் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்றார். மற்ற உறுப்பினர்கள் பக்கத்தைப் புரட்டினார்கள். என் வாதத்தில் நான் எழுதிய அதே வாக்கியம்.

“காரணத்தை எழுதித் தருவது யார்?” என்று கேட்டேன்.

“நிர்வாகம்தான்” என்றார்.

அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் பழைய கோப்பை எடுத்தேன். நகல் இருந்தது. கிளையன்டின் காகிதத்தை வழக்கறிஞர் வெளியே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் வக்கீல் உரிமையே போகலாம். அதை அந்தப் பெண்ணிடம் கொடுக்கப்போகிறேன் என்று ஒன்றியச் செயலாளரிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பேஜாரு புடிச்ச வேலைக்கா. கம்பெனிக்காரன் சும்மா வுடுவானா? நம்ம கட்சியிலயே கேப்பாங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே காகிதத்தைக் கொடுத்தேன். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

“இது அவரு எழுத்து தான். உனக்கு எப்போ கெடச்சிது?”

“கேஸுக்கு முன்னாடியே.”

அடிப்பாள் என்றே நினைத்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஊரு முன்னாடி தான அவரைக் கொலகாரன் ஆக்குன? ஊரு முன்னாடியே சொல்லு.”

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்த இரண்டு வரிகளையும் வாசித்தேன். இது என்னிடம் இருந்தது, மறைத்தேன், சண்டையைப் பற்றிய கேள்வியை நம்பாமலே கேட்டேன் என்றேன்.

“ஓட்டு கேக்க வந்தப்ப வாய்ல இன்னா வெச்சிகினு இருந்த?” என்று ஒருவர் கத்தினார்.

“பயமா இருந்துச்சு” என்றேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி என் காலடியில் வந்து விழுந்தது. இறந்தவனின் தாய் மண்ணை வாரி எறிந்து அழுதார். ஒன்றியச் செயலாளர் என் கையைப் பிடித்துக் காரை நோக்கி இழுத்தார். கார்க் கதவருகே கிரேன் ஓட்டியவர் நின்றிருந்தார். திருநின்றவூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, அந்தச் சீருடைச் சட்டையோடே வந்திருந்தார். நான் கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை.

“அந்த கிரேன் இன்னும் ஓடிகினு தான் இருக்குது மேடம். எங்கூட வேலை செஞ்சவன் ஓட்டுறான். என்னைப் பத்தி அப்பால பேசலாம். மொதல்ல அத்த நிறுத்துங்க.”

மறுநாள் காலை தொழிற்சாலை ஆய்வாளரோடு ஆலை வாசலில் நின்றேன். என்னிடம் எட்டு ஆண்டுகள் சிரித்துப் பேசிய அதிகாரி உள்ளே விட மறுத்தார். நான் நகராமல் நின்றேன். மதியத்துக்கு மேல்தான் கதவு திறந்தது. தளர்ந்து கிடந்த பிரேக்கை ஆய்வாளர் கையாலேயே அசைத்துக் காட்டினார். அன்றே கிரேனுக்குச் சீல் வைக்கப்பட்டது.

ஆலை என் மீது பார் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன்; முடிவு வரும்வரை கறுப்பு அங்கியைத் தொடுவதில்லை. கிரேன் ஓட்டியவரின் வழக்கை மறுபடி விசாரிக்க மனு போட்டிருக்கிறார்கள். என் வாக்குமூலமும் அதில் சேர்ந்திருக்கிறது. போன வாரம் நீதிமன்ற வராந்தாவில் கணவன் மனைவி இருவரையும் பார்த்தேன். ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சாப்பிட ஆரம்பித்தார்.