என் பெண் பங்கா இழுத்த கதை

என் இரண்டாவது பெண்ணுக்கு எட்டு வயதாகியும் பெஞ்சில் உட்காரத் தெரியாது. உட்கார வைத்தால் எழுந்துவிடுவாள். மறுபடி உட்கார வைத்தால் பக்கத்துப் பெண்ணைக் கிள்ளுவாள். அதட்டினாலோ தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். வாய்ப்பாடு துளிக்கூட ஏறவில்லை. வங்காளத்துப் பவானிபூரில் எங்கள் சந்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள்தான் உண்டு. ஆனால் யோசனைக்குப் பஞ்சமில்லை. ஒருத்தி தாயத்துக் கட்டச் சொன்னாள், இன்னொருத்தி விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னாள். எல்லோருக்கும் காபி கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினேன். என் பெண்ணை எனக்குத் தெரியும் என்ற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு.

என் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீசில் அதிகாரி. எதையும் ஆள் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்பது அவர் நினைப்பு. வீட்டுக்கே ஒரு வாத்தியாரை வரவழைத்தார். முதல் வாரமே அந்த மனுஷர் வேஷ்டியில் மைக்கூடு கவிழ்ந்தது. குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

அப்புறம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய தீதிமணி, அதாவது தலைமை ஆசிரியை, சொல்லி அனுப்பினாள். பூஜை விடுமுறைக்குள் இவள் அடங்கவில்லை என்றால் நிறுத்திவிடவேண்டியதுதானாம். பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடம் எங்கள் பக்கத்தில் அது ஒன்றுதான். அதுவும் போனால் இவளுக்குப் படிப்பே இல்லை. ஊரில் அவருடைய அண்ணா ஏற்கெனவே ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வயசுக் குழந்தைக்கு ஜாதகம்! அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஒருநாள் எந்திரக்கல்லில் பயறு உடைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் பிடியைப் பிடித்துச் சுற்றினாள். கல் சுற்றச் சுற்ற அவள் வாய் முணுமுணுத்தது. காது கொடுத்துக் கேட்டால், பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு! வங்காளியில், ஒரு தப்பு இல்லாமல். கல்லை நிறுத்தினேன், அவளும் நிறுத்திவிட்டாள். மறுபடி சுற்றினேன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கை ஓடினால் இவளுக்குப் புத்தி ஓடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போனதும் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எந்திரக்கல்லையா தூக்கிக்கொண்டு போக முடியும்? என்ன கேட்பது என்று தெரியாமலே வகுப்பில் போய் நின்றேன். வெளியே தெருவில் டிராம் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்திருந்தது. வகுப்பில் இன்னும் உத்தரத்தில் தொங்கும் பங்காதான், கயிற்றை இழுத்தால் ஆடும் துணி விசிறி. அதன் கயிற்றை வராந்தாவில் ஒருவர் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, பாதித் தூக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கயிற்றை உள்ளே எடுத்து இவள் கையில் கொடுங்கள்,” என்றேன், என் அரைகுறை வங்காளியில்.

பெரிய தீதிமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அதிகாரி வீட்டுப் பெண் பங்கா இழுப்பதா? உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் சண்டைக்கு வருவார்.”

“அவர் சண்டையை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

எந்திரக்கல் விஷயத்தைச் சொன்னதும், கணக்குப் பாடத்துக்கு மட்டும் என்று சம்மதித்தாள். பங்காக்காரர் வேலைக்கும் பங்கம் வரவில்லை. அந்த நேரம் மட்டும் அவர் நிம்மதியாகத் தூங்கினார். என் பெண் சுவரோரம் தரையில் உட்கார்ந்து கயிற்றை இழுத்தாள், வாய்ப்பாடு சொன்னாள். கிள்ளுவது குறைந்தது. ஒன்றிரண்டு நாள் கிள்ளினாள்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

பூஜைக்குச் சில நாள் இருக்கும்போது விஷயம் ஆபீசுக்குப் போய்விட்டது. என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவரின் பெண்ணும் அதே வகுப்பு. முகம் சிவக்க வீட்டுக்கு வந்தார்.

“கூலிக்காரன் பண்ற வேலைடி அது! ஆபீஸ்ல என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கறா. நாளையிலேர்ந்து அவ போகவேண்டாம்.”

“சரின்னா, நிறுத்திடலாம். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து கேளுங்கோ. அப்புறம் நீங்க சொல்றதுதான்.”



மறுநாள் காலையில் கோட்டும் தலைப்பாகையுமாக என்னோடு வந்தார். வராந்தாவிலேயே அவள் குரல் கேட்டது. பன்னிரண்டாம் வாய்ப்பாடு. மற்ற பெண்கள் திக்கித் திணற, என்னுடையவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

அவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள். முந்தின நாள் அவர் போட்ட சத்தம் அவள் காதிலும் விழுந்திருந்ததே! கயிறு கையை விட்டு நழுவியது. பங்கா நின்றது, வாய்ப்பாடும் நின்றது. மணிக்கட்டு வாய்க்குப் போயிற்று. வகுப்பு முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கயிற்றை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். தலைக்கு மேலே பங்கா அசைந்தது. பிறகு கயிற்றை அவள் மடியில் வைத்தார்.

“எங்கேடி விட்டே? பன்னிரண்டு ஏழுலயா?”

அவள் மணிக்கட்டை வாயிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கயிற்றைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

“எண்பத்தினாலுப்பா,” என்றாள்.