வலது பக்கத்து ஸ்பீக்கர்

எங்கள் பிக்கப் வண்டியில் வலது பக்கத்து ஸ்பீக்கர் செத்துப்போய்விட்டது என்று அப்பா சொல்லத் தொடங்கியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். சேலத்தில் ஒரு சிமெண்ட் கடையில் ஓடிக் களைத்த பிறகுதான் எங்களிடம் வந்து சேர்ந்தது. ஏற்காட்டில் கிளியூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பி மூட்டை, மிளகு, பேரிக்காய், பலா என்று அந்தந்தப் பருவத்தில் விளைவதை ஏற்றிக்கொண்டு அப்பா மலையிறங்குவார். திரும்பும்போது உரமோ அரிசியோ ஏறி வரும். வெள்ளை வண்டி என்று ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது. நேரில் பார்த்த யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்பீக்கர்கள் கெட்டுப்போயிருந்தது உண்மைதான். மலைச் சாரலில் கதவுக்குள் தண்ணீர் இறங்கி, காகிதக் கூம்பு ஊறி, பூஞ்சை பிடித்து, ஓரம் கிழிந்திருந்தது. நாதஸ்வரம் போட்டால் தகரம் வெட்டுவது போல இருக்கும். மேளம் அடித்தால் கதவுக்குள் உட்கார்ந்து யாரோ இருமுவது போலக் கேட்கும். ஆனால் இரண்டு கதவும் ஒரே மாதிரிதான் இருமின. அப்பா மட்டும், இடது பக்கமாவது பரவாயில்லை, வலது பக்கம் சுத்தமாக நின்றுவிட்டது என்பார். அது அவர் பக்கத்துக் கதவு. கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, காற்று முகத்தில் அடிக்க அடிக்க நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருக்கும் இடம். அவருக்குத் தெரியாததா என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அப்போது சேலத்தில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தார். அதனால் சத்தம் சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்திலும் தான்தான் கடைசி வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுக்கு வந்தால் வண்டியில் உட்கார்ந்து பாட்டைப் போட்டுவிட்டு, பல் வலி வந்தவர் மாதிரி முகத்தைச் சுளிப்பார். பாட்டு என்றால் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரு சனிக்கிழமை லோடு இறக்கியதும் அப்பாவை அவரே ஒரு ஸ்பீக்கர் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன்.

கடையின் சுவர் முழுக்க ஸ்பீக்கர்கள், ஜோடி ஜோடியாக. கடைக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு ஜோடி பாடும், மற்றவை வாயை மூடிக்கொள்ளும். மாமா நேராகப் போய் முட்டை வடிவில் இருந்த பெரிய ஜோடியின் மேல் கை வைத்தார்.

"மச்சான், இதைப் போட்டா அடிவாரத்துல பாடறது மேல ஏரிக்கரை வரைக்கும் கேக்கும்."

"அது கதவுக்குள்ள போகாதுங்க" என்றார் கடைக்காரர். "உங்க வண்டிக்கு ஆறு இஞ்சு வட்டம்தான். எந்த ஊருங்க?"

ஏற்காடு என்றதும், காகிதக் கூம்பு வேண்டாம், அந்த ஈரத்துக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, பிளாஸ்டிக் கூம்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை. பின்னால் இருக்கும் காந்தம் எவ்வளவு கனமோ அவ்வளவு சத்தம் என்று சொல்லி, ஒவ்வொரு ஸ்பீக்கராக எடுத்து, பூசணிக்காய் வாங்குகிறவர் போலக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

அப்பா நடுவில் நின்று கேட்டார். முதல் ஜோடி பாடியது. "வலது பக்கம் கம்மியா இருக்குதுங்களே" என்றார். கடைக்காரர் அடுத்ததைப் போட்டார். அதிலும் வலது பக்கம் கம்மி. அதற்கடுத்ததிலும் அப்படியே. கடைக்காரர் ஒயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினார், சுவரைத் தட்டினார், தன் காதை வைத்துப் பார்த்தார். எனக்குக் கால் வலித்தது. கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த தலையாட்டும் நாய்ப் பொம்மை ஒன்றைக் காட்டி அது வேண்டும் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, சுவருக்குப் பக்கவாட்டாக நின்றபோது எந்த ஜோடி பாடிக்கொண்டிருந்ததோ, அதை "இது பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டார். பிளாஸ்டிக் கூம்பு, காந்தமும் பெரியது. கடைக்காரர், மாமா இருவருமே ஜெயித்த முகத்தோடு இருந்தார்கள். பொம்மை மட்டும் கிடைக்கவில்லை.

மலையேறும்போது நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மாமா அந்தப் பக்கம், பெட்டியைப் பிரித்து அதிலிருந்த தாளைப் படித்துக்கொண்டு வந்தார். பாதி மலை ஏறியிருப்போம். வலது பக்கம் மடங்கும் கொண்டை ஊசி வளைவு ஒன்று வந்தது. மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. ஒரு முறை இல்லை, விடாமல் அடித்துக்கொண்டே வந்தது. அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. அவருக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று நினைத்தேன். வளைவின் வாயில் பஸ்ஸின் மூக்கு திடீரென்று எங்கள் கண்ணாடிக்கு நேராக வந்து நின்றது. அப்பா பிரேக்கை மிதித்த மிதியில் மாமாவின் மடியிலிருந்த பெட்டி காலடியில் விழுந்தது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்க, இத்தனை ஹாரன் அடிச்சுட்டு வர்றேன், அப்படியே ஏறி வர்றீங்க?"

"எங்கீங்க அடிச்சீங்க?" என்றார் அப்பா. சண்டைக்குக் கேட்ட கேள்வி இல்லை அது. நிஜமாகவே கேட்டார். டிரைவர் கையை உதறிவிட்டுப் பஸ்ஸை ஒடித்து மலையிறங்கினார். மாமா குனிந்து, ஸ்பீக்கருக்கு அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

அன்று சாயங்காலம் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் நடித்துக் காட்டினேன். பஸ் டிரைவர் கையை உதறியது நன்றாக வந்தது. அம்மா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஹாரன் உனக்குக் கேட்டுச்சா கண்ணு?"

"கேட்டுச்சும்மா. நொம்ப நேரமா அடிச்சாங்க."

"மாமாவுக்கு?"

"மாமா படிச்சுட்டு இருந்தாரு. ஆனா கேட்டுச்சுன்னாரு."

அம்மா சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி மாமா கதவுகளைப் பிரித்தார். கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடியைக் கழற்றவே ஒரு போராட்டம். உள் அட்டையை எடுத்ததும், கதவின் அடியிலிருந்து ஒரு சீப்பு, இரண்டு ஆரஞ்சுக் கொட்டை, நான் காணாமல் அடித்ததாகச் சொல்லப்பட்ட அப்பாவின் டார்ச் லைட் எல்லாம் வெளியே வந்தன. பழைய ஸ்பீக்கரை எடுத்துக் கையில் வைத்ததும் கூம்பு அப்பளம் போல நொறுங்கியது.

புதியது ஓட்டையில் சரியாக உட்கார்ந்தது. மாமா நான்கு திருகாணியையும் முடுக்கிவிட்டு, பெருமையோடு கண்ணாடியை இறக்கினார். பாதி வழியில் டொக்கென்று நின்றது. கனமான காந்தம் என்று தேர்ந்தெடுத்தாரே, அது உள்ளே துருத்திக்கொண்டு கண்ணாடியின் பாதையை மறித்தது. ஏற்காட்டில் கண்ணாடியை எதற்கு இறக்க வேண்டும், குளிர்தானே என்று மாமா கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்தார். அப்பா போய் ஒரு பிளைவுட் துண்டையும் ரம்பத்தையும் எடுத்து வந்து அவர் முன்னால் போட்டார். வட்டமாக இரண்டு வளையம் அறுத்து, கதவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்து, ஸ்பீக்கரை வெளியே தள்ளி முடுக்கிய பிறகுதான் கண்ணாடி முழுசாக இறங்கியது. நெளிந்த வளையங்கள்தான். அட்டை போட்டு மூடியதும் யாருக்கும் தெரியவில்லை.

பாட்டைப் போட்டோம். அந்த வண்டிக்குள் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. தபேலாவின் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. பாடகி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அப்பா தன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

"மாப்ள, வலது பக்கம் வரலியே."

மாமா தன் காதைக் கதவில் வைத்தார். "வருதுங்க மச்சான்."

"எனக்கு வரல."

மாமா வலது ஸ்பீக்கரைக் கழற்றி இடதிலும், இடதைக் கழற்றி வலதிலும் மாட்டினார். அப்பா உட்கார்ந்தார். வலது பக்கம்தான் வரவில்லை. பாட்டு செட்டின் பின்னால் கைவிட்டு ஒயர்களை மாற்றினார். அப்போதும் வலது பக்கம்தான். வெயில் வந்துவிட்டது. மாமாவின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. இது கடைக்காரன் செய்த வேலை, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று சத்தம் போட்டார். நான் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டேன். இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. அதைச் சொன்னேன். குழந்தைக்கு என்ன தெரியும் என்றார் மாமா.

இவ்வளவையும் அம்மா வாசற்படியில் நின்று முறத்தில் அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு வண்டியருகே வந்தாள்.

"ஏனுங்க, அப்படியே சீட்டு மேல மண்டி போட்டுப் பின்பக்கமாத் திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்களேன்."

அப்பா திரும்பி, பின் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கையில் மண்டியிட்டார். பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

"இப்ப எப்படி இருக்குது?"

"அட, இப்ப நம்ம பக்கம் நல்லா வருது" என்றார் அப்பா. கையை நீட்டி எதிர்ப்பக்கத்து இடது கதவைக் காட்டினார். "இப்ப அந்தப் பக்கம் நின்னுபோச்சு மாப்ள."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்பா திரும்பினால் ஸ்பீக்கரும் கூடவே திரும்புகிறது! மாமாவும் ஹோவென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்பா நீட்டிய கையை மெல்ல இறக்கினார். முன்பக்கமாகத் திரும்பி, ஒழுங்காக உட்கார்ந்து, செட்டை அணைத்தார். ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த ரம்பத்தூளைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"சோறு ஆறுது, வாங்க" என்றாள் அம்மா.

நான் மட்டும் இன்னும் ஒரு தடவை திரும்புங்கப்பா, திரும்புங்கப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று மாலை விளக்கு வைத்த பிறகு சமையலறையில் அப்பாவும் அம்மாவும் பேசியது பாதிதான் காதில் விழுந்தது. "எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டருக்குத் தெரிஞ்சா லோடெல்லாம் வேற வண்டிக்குப் போயிரும்" என்றார் அப்பா. "யாரும் சொல்லப் போறதில்லீங்க. முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள் அம்மா. ஸ்பீக்கர் சரியில்லாத வண்டிக்குக் காப்பி மூட்டை ஏற்ற மாட்டார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. டாக்டர் எதற்கு என்பதைப் பற்றி யோசித்ததாக நினைவில்லை. மாமா ஏமாந்தது வெளியே தெரிந்தால் எங்களுக்குத்தான் அவமானம் என்று நானாக முடிவுசெய்து, பள்ளிக்கூடத்தில் புது ஸ்பீக்கரைப் பற்றி மூச்சு விடவில்லை. அது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் சேலம் போய்வந்தார்கள். கல்யாணத்துக்கு என்றார்கள். கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் ஒரு தாம்பூலப் பைகூட இல்லாமல் வந்ததில் எனக்கு வருத்தம். அப்பா வந்ததும் வராததுமாக வண்டியின் வலது பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றி மூடினார்.

அதன் பிறகு அம்மா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்த வேலை. காலையில் அப்பாவோடு கூடவே வண்டியில் ஏறிச் சேலம் போவாள். லோடு இறக்கும்வரை கூட இருப்பாள். கூடவே மலையேறி வருவாள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள், இந்த வயதில் தேனிலவு கொண்டாடுகிறார்கள் என்று கேலி செய்தார்கள். "ஆமா, அதுக்கென்ன?" என்று அம்மாவும் சிரித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கண்ணாடி ஓரத்து இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள். பாட்டின் சத்தத்தையும் அவளே குறைத்து வைத்தாள். விடுமுறை நாளில் நான் கூடப் போனால் நடுவில்தான் உட்கார வேண்டும், அதிகம் பேசவும் கூடாது.

எப்போதும் அவள் கையை என் தலைக்குப் பின்னால் நீட்டி அப்பாவின் தோளில் வைத்திருப்பாள். வளைவுகள் வரும்போது விரலால் தட்டுவாள். சில வளைவில் ஒரு முறை, சில வளைவில் இரண்டு மூன்று முறை. அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை அசைத்துக்கொண்டு வேகத்தைக் குறைப்பார். அம்மாவுக்குத் திடீரென்று பாட்டின் மேல் இப்படி ஒரு ஆசை வந்து, தாளம் போடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் போட்ட தாளம் ஒரு பாட்டோடும் சேரவில்லை என்பது மட்டும் அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.